சிறுவர் மந்தபோசணையும் கமக்காரர் இல்லமும்

நாற்றுமேடையில் வாடிப்போன நாற்றைப் பின்னர் நல்ல வயலில் நட்டு, வேளைக்கு நீர் பாய்ச்சி, வேண்டிய பசளையை இட்டாலும் அது எதிர்பார்த்த அளவு மட்டம் வெடிப்பதில்லை. கதிரும் சிறுத்தே வெளிவரும். இதனை எமது கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயின் இவ்விதி தம் வீட்டு முற்றத்தில் விளையாடும் பிள்ளைக்கும் பொருந்தும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இளம் பருவத்தில் ஏற்பட்ட உணவுக்குறையைப் பின்னாளில் எவ்வளவு உணவூட்டியும் முற்றாக ஈடுசெய்தல் அரிது.

பயிரைப் பற்றிப் பேசவேண்டிய துண்டுப்பிரசுரம் பிள்ளையைப் பற்றிப் பேசுவதேன் எனச் சிலர் வினவலாம். நெல்லும் பயறும் மரக்கறியும் எதற்காக விளைகின்றன? உண்பதற்காகவே. விளைவிப்போர் வீட்டுப் பிள்ளைகளே மெலிந்திருப்பின், அவ்வேளாண்மையில் எங்கோ ஒரு குறை உண்டு. அக்குறை யாது, அதனைத் தீர்க்கும் வழி யாது என்பவற்றை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

நாட்டின் நிலை

வளர்ந்துவரும் நாடுகளுள் இலங்கை ஒரு வியப்பான நிலையில் உள்ளது. 1940 களின் நடுப்பகுதியில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுள் ஏறத்தாழ 140 குழந்தைகள் ஒரு வயதை எட்டுமுன் இறந்தன. மலேரியாக் கட்டுப்பாடு, இலவச வைத்தியம், இலவசக் கல்வி, கிராமந்தோறும் மருத்துவமாதரின் சேவை ஆகியவற்றால் இத்தொகை இன்று 10 இற்கும் குறைந்துவிட்டது. பிள்ளைகளின் உயிரைக் காப்பதில் நாம் பெருவெற்றி பெற்றுள்ளோம். எனினும் காத்த பிள்ளையை நன்கு வளர்ப்பதில் அவ்வளவு வெற்றி பெற்றிலோம்.

2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட 100 பிள்ளைகளுள் ஏறக்குறைய 17 பேர் வயதிற்கேற்ற உயரம் அற்றோர். 15 பேர் உயரத்திற்கேற்ற நிறை அற்றோர். தோட்டத் தொழிலாளர் பெரும்பான்மையாக வாழும் நுவரெலியா மாவட்டத்திலோ, வயதிற்கேற்ற உயரம் அற்றோர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராயிருந்தனர். அதன் பின்னர் 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டமையால் 2021/22 பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. 2022 இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது உணவுப் பொருட்களின் விலை ஓராண்டினுள் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அக்காலத்திற் பிறந்த பிள்ளைகள் எத்தகைய உணவை உண்டு வளர்ந்தனர் என்பதைக் கமக்காரர் நன்கறிவர்.

மந்தபோசணை என்பது யாது?

வயிறு நிரம்பாமையே மந்தபோசணை என எண்ணுதல் தவறு. உடல் வளர்வதற்கு வேண்டிய சத்துக்களுள் ஒன்றோ பலவோ போதாதிருத்தலே மந்தபோசணை. இது மூன்று வகையாகத் தோன்றும். குறுகிய காலத்தில் உணவு குறைந்தாலோ நோயுற்றாலோ பிள்ளை மெலியும். நெடுங்காலம் குறை நீடித்தால் பிள்ளை குள்ளமாக வளரும். மூன்றாவது, வெளித்தோற்றத்தில் எளிதிற் புலப்படாத மறைபசி. இரும்புச்சத்து, அயடீன், உயிர்ச்சத்து ஏ, நாகம் போன்றவை குறைந்த பிள்ளை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆயின் விரைவிற் களைப்படையும், அடிக்கடி நோயுறும், பாடத்தில் மனஞ் செலுத்தாது.

இவற்றுள் குள்ளமே பெரிதும் கவனியாது விடப்படுவது. தாயும் தந்தையும் உயரங் குறைந்தோராயின், "எங்கள் பரம்பரையே இப்படித்தான்" எனக் கூறி அமைதி கொள்வர். பரம்பரை ஓரளவு காரணமாகலாம். ஆயினும் தாய் தன் குழந்தைப் பருவத்தில் போதிய உணவின்றி வளர்ந்திருந்தால் அவளுக்கு நிறை குறைந்த குழந்தை பிறத்தல் கூடும். அக்குழந்தையும் அவ்வாறே வளரும். இது பரம்பரைபோலத் தோன்றினும் உண்மையில் பரம்பரையாக வந்த வறுமையேயாகும்.

முதல் ஆயிரம் நாட்கள்

கருவுற்ற நாள் முதல் பிள்ளைக்கு இரண்டு வயது நிறையும் வரையுள்ள ஏறத்தாழ 1,000 நாட்களே மிக முக்கியமானவை. குழந்தையின் நிறை ஐந்து மாத அளவில் இருமடங்காகி, ஒரு வயதில் மும்மடங்காகும். இரண்டு வயதினுள் மூளை, வளர்ந்தோர் மூளையின் அளவில் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடும். இக்காலமே பிள்ளையின் நாற்றுமேடைக் காலம்.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், நீரும் வேண்டுவதில்லை. ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு வேறுணவும் தொடங்க வேண்டும். இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். ஆறு மாதத்திற்கும் இரண்டு வயதிற்கும் இடைப்பட்ட காலத்திலேயே எமது பிள்ளைகள் பெரும்பாலும் பின்தங்குகின்றன.

இது எமது நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இன்று கானா எனப்படும் நாட்டில் 1930 களிற் பணியாற்றிய சிசிலி வில்லியம்சு என்னும் பெண் வைத்தியர், கால்கள் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறி வரும் பிள்ளைகளைக் கண்டார். அவ்வூர் மக்கள் அந்நோயைக் 'குவாசியோர்க்கர்' என அழைத்தனர். அடுத்த குழந்தை பிறந்தபின் முந்திய பிள்ளைக்கு வரும் நோய் என்பதே அச்சொல்லின் கருத்து. பால்மறந்த பிள்ளைக்குச் சோளக் கஞ்சி மட்டும் ஊட்டப்பட்டதை அவர் கவனித்து வெளியிட்டார். மருத்துவ நூல்கள் இன்றும் அப்பெயரையே வழங்குகின்றன.

பசளை விதியும் உணவு விதியும்

வயலில் பொட்டாசியம் குறைந்திருக்கையில் யூரியாவை மேன்மேலும் இடுவதாற் பயனில்லை. எந்தச் சத்து மிகக் குறைந்துள்ளதோ அதன் அளவே விளைச்சலை வரையறுக்கும். பிள்ளையின் உணவும் அவ்வாறே. சோறும் சீனியும் மட்டும் ஊட்டுதல், யூரியாவை மட்டும் இட்டு நெல் விளைவிக்க முயல்வதை ஒக்கும்.

அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 7 கிராம் புரதமே உண்டு. பயறு, கௌபி ஆகியவற்றிலோ ஏறத்தாழ 24 கிராம் உண்டு. மேலும் அரிசிப் புரதத்தில் இலைசின் என்னும் கூறு குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் குறைவான மெதியோனின் என்னும் கூறு அரிசியிற் போதிய அளவு உண்டு. ஆகவே இரண்டையுஞ் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றது நிறைவாக்கும். இரண்டு அல்லது மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு சேர்த்து ஆக்கும் எமது பழைய பயற்றஞ்சோறு இவ்வுண்மையை அறியாமலே அறிந்து ஆக்கியதாகும்.

குரக்கனில் அரிசியினும் பன்மடங்கு சுண்ணச்சத்து உண்டு. முருங்கையிலை, பொன்னாங்காணி, அகத்தி, பூசணி, பப்பாசி ஆகியவை உயிர்ச்சத்து ஏ தருவன. அச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளச் சிறிது கொழுப்பு வேண்டும். ஆதலால் பிள்ளையின் கீரையில் தேங்காய்ப்பாலோ ஒரு தேக்கரண்டி எண்ணெயோ சேர்த்தல் நன்று. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை; தேசிக்காய்ச் சாறு சில துளிகள் சேர்த்தால் அது கூடுதலாக ஏற்கப்படும். தேநீரோ இதற்கு நேர்மாறாக இரும்பை உடலிற் சேரவொட்டாது தடுக்கும். சிறு பிள்ளைகளுக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

கஞ்சி நிறைந்த வயிறு

எட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒருவேளைக்கு ஏறக்குறைய ஒரு தேநீர்க் கோப்பை அளவு உணவையே கொள்ளும். அதில் நீர்த்த கஞ்சியை நிரப்பினால் பெரும்பகுதி நீரே. குழந்தை வயிறு நிறைந்து உறங்கும், தாயும் மகிழ்வாள், ஆயின் உடலுக்கு ஒன்றுஞ் சேராது. ஊட்டும் உணவு கரண்டியைச் சாய்த்தாலும் உடனே வழிந்தோடாத தடிப்பாக இருத்தல் வேண்டும்.

பயற்றையோ குரக்கனையோ ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, வறுத்து மாவாக்கினால், அம்மாவிற் காய்ச்சும் கூழ் அதிக நீர் சேராமலே இளகியிருக்கும். எனவே சிறிய வயிற்றிலும் கூடிய உணவு சேரும். இரும்பும் நாகமும் எளிதில் ஏற்கப்படும். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறையும், ஒன்பது மாதத்தின்பின் மூன்று அல்லது நான்கு முறையும் உணவூட்டுக. இடையில் வாழைப்பழம், அவித்த வற்றாளைக்கிழங்கு போன்றவற்றை ஒன்றிரண்டு முறை கொடுக்கலாம். முட்டை, முள் நீக்கிய மீன், அரைத்த நெத்தலி ஆகியவற்றை ஆறு மாதத்தின்பின் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். இவை "சூடு" என விலக்குவதற்குக் காரணமில்லை.

உணவு மட்டும் போதாது

பூச்சி அரித்த வேர் பசளையை உறிஞ்சாதது போலவே, நோயுற்ற குடல் உணவை ஏற்பதில்லை. வயிற்றோட்டம் வந்த பிள்ளை ஒரு கிழமையில் இழக்கும் நிறையைத் திரும்பப் பெறப் பல கிழமைகள் செல்லும். கொதித்தாறிய நீர், மலகூடம், சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் ஆகியனவும் போசணையின் பகுதிகளே.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் இடும் பசளையும் மலக்குழிக் கசிவும் கிணற்று நீரை எளிதில் சென்றடைகின்றன. அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தல் ஆபத்தாகும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. தாய்ப்பால் மட்டும் ஊட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். பசளையை அளவோடு இடுதல் பணத்தை மட்டுமன்றிப் பிள்ளையையுங் காக்கும்.

பிள்ளைக்கு நோய் வந்தால் உணவை நிறுத்துதல் பெருந்தவறு. தாய்ப்பாலையும் இலகுவான உணவையும் தொடர்க. வயிற்றோட்டமாயின் ஜீவனி கரைசலைக் கொடுத்து வைத்தியரை நாடுக. நோய் தீர்ந்தபின் இரு கிழமைகளுக்கு நாள்தோறும் ஒருவேளை மேலதிகமாக ஊட்டுக.

இது தாயின் குற்றமா?

மந்தபோசணைக்குத் தாயின் அறியாமையே காரணம் எனப் பலர் எளிதிற் கூறிவிடுவர். அது முழு உண்மையன்று. நாற்று நடுகையிலும் களை பிடுங்குகையிலும் விடியலில் வயலுக்குச் சென்று மாலையில் திரும்பும் தாய், எட்டு மாதக் குழந்தைக்கு நான்கு முறை உணவூட்டுவது எங்ஙனம்? எட்டு வயது அக்காளே அக்குழந்தையைப் பார்க்கிறாள். அவளும் ஒரு பிள்ளையன்றோ?

ஒரு கமக்காரர் இல்லத்தை எண்ணிக் கொள்வோம். இரண்டு ஏக்கர் வயல், பின்வளவில் மரக்கறி, ஒரு பசு, சில கோழிகள். காலையிற் கறந்த பால் சேகரிப்பு நிலையத்துக்குச் செல்லும். முட்டை கடைக்குச் செல்லும். பயறு களத்திலேயே வியாபாரியிடம் செல்லும். கீரையும் முருங்கைக்காயும் சந்தைக்குச் செல்லும். சந்தையிலிருந்து திரும்பும் பையில் சீனியும் தேயிலையும் விசுக்கோத்தும் இருக்கும். விற்றவர் பேராசைக்காரர் அல்லர். விதைக்கும் உழவுக்கும் பசளைக்கும் பட்ட கடன் அறுவடைக்கு முன்பே வாசலில் நிற்கிறது. அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்த நெல்லை விற்றவர், அடுத்த அறுவடைக்கு முன்னுள்ள மாதங்களில் அரிசியைக் கூடிய விலைக்கு வாங்குகிறார். பிள்ளைகளின் நிறை குறைவதும் அம்மாதங்களிலேயாம்.

நிலமற்றோர் நிலை இதனினும் கடிது. உமது வயலில் நாற்று நடும் பெண்ணுக்கு மழை நாளிற் கூலியில்லை. கூலியில்லா நாளில் அவள் வீட்டில் பயறும் மீனும் இல்லை. ஆகவே மந்தபோசணை ஒரு வீட்டின் நோயன்று, ஊரின் நோய். உணவு, பராமரிப்பு, சுகாதாரம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும். அவை மூன்றும் நிலம், கூலி, கடன், கல்வி ஆகியவற்றைப் பற்றி நிற்பன.

அரசாங்கமும் தன் பங்கைச் செய்து வருகின்றது. 1973 இல் திரிபோசத் திட்டம் தொடங்கப்பெற்றது. சோளமும் சோயாவுஞ் சேர்ந்த அச்சத்துமா நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உரியது. 1995 இல் உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டமாக்கப்பட்டது. ஆயினும் தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்த திரிபோசப் பொதியை வீட்டார் அனைவரும் பங்கிட்டு உண்டால் பிள்ளைக்குச் சேர்வது ஒரு பிடியே. பங்கிடுவோரைக் குறைகூறுமுன் அவ்வீட்டில் வேறு உணவு இருந்ததா என வினவுதல் நேர்மையாகும்.

கமக்காரர் செய்யக்கூடியவை

1. பிள்ளையின் பங்கை முதலில் ஒதுக்குக. விதைநெல்லை எக்கடன் வந்தாலும் நாம் விற்பதில்லை. அவ்வாறே பிள்ளையின் பங்கையும் விற்பனைக்கு முன் எடுத்து வைக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 25 கிராம் பயறு எனக் கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கிலோ. இரு பிள்ளைகளுக்கு 18 கிலோ. ஏக்கருக்கு 400 கிலோ விளையுமாயின் ஒரு பேர்ச்சில் 2½ கிலோ கிடைக்கும். எனவே இரு பிள்ளைகளின் ஆண்டுத் தேவைக்கு எட்டுப் பேர்ச்சு நிலமே போதும்.

2. இடைப்போகத்தில் பயறு செய்க. பெரும்போக அறுவடையின்பின் வயலில் எஞ்சியுள்ள ஈரத்தைக் கொண்டு, சிறுபோகத்துக்கு முன் ஏறத்தாழ 65 நாட்களில் பயற்றை விளைவிக்கலாம். பயற்றின் வேர்முடிச்சுக்கள் நைதரசனை மண்ணிற் சேர்ப்பதால் அடுத்த நெற்பயிருக்கும் நன்மையுண்டு.

3. வீட்டுத்தோட்டத்தில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று விளையட்டும். கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும். வேலியில் முருங்கையும் அகத்தியும். குப்பைக் குழியருகே பப்பாசியும் பூசணியும். எஞ்சிய இடத்தில் வற்றாளையும் பயற்றையும். வேலி முருங்கை வறட்சியிலும் இலை தரும்; அறுவடைக்கு முன்னுள்ள வெறுமாதங்களில் அதுவே உதவும்.

4. ஐந்து நாட்டுக்கோழிகளேனும் வளர்க்க. அவற்றின் முட்டையில் வாரத்துக்கு மூன்றைப் பிள்ளைக்கென நிறுத்துக, மிகுதியை விற்கலாம். ஒரு வயதிற்கு மேற்பட்ட பிள்ளைக்கு, கறந்த பாலிலும் ஒரு கோப்பையைக் காய்ச்சிக் கொடுக்கலாம்.

5. கிருமிநாசினி தெளித்த மரக்கறியைக் குறித்த நாட்கள் கழியுமுன் பிடுங்கற்க. வீட்டுக்குரிய பாத்திக்கு நஞ்சு தெளியாதிருத்தலே நன்று.

6. சோளத்தையும் கச்சானையும் நன்கு உலர்த்துக. ஈரப்பதன் 13 சதவீதத்துக்கு மேற்பட்ட சோளத்தில் பூஞ்சணம் பிடித்து அஃப்லடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். கச்சானை அதனினும் நன்றாகக் காயவிடல் வேண்டும். பூஞ்சணம் பிடித்ததைப் பிள்ளைக்குரிய மாவிற் சேர்க்காதீர். வறுத்தாலும் அந்நஞ்சு முற்றாக நீங்காது.

7. பிள்ளையை மாதந்தோறும் நிறுத்துப் பாருங்கள். சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டிலுள்ள கோடு மேல்நோக்கிச் செல்லவேண்டும். கோடு கிடையாக நின்றால், பிள்ளை மெலியாதது போலத் தோன்றினும், அதுவே முதல் எச்சரிக்கை. அன்றே குடும்ப நல மருத்துவமாதிடம் கேளுங்கள். தந்தையரும் இப்பதிவேட்டை வாசிக்கப் பழகுதல் வேண்டும். மழைமானியின் கணக்கை அறிந்தவருக்கு இது கடினமன்று.

8. கர்ப்பிணித் தாய்க்கு முதலிற் பரிமாறுக. வீட்டிலுள்ள அனைவரும் உண்டு எஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கம், பிறவாத பிள்ளையின் கலத்திலிருந்து எடுத்துண்பதற்குச் சமம். வயல்வேலையின் பளுவையும் அவளுக்குக் குறைக்க.

9. ஊராக ஒன்றுகூடிச் செய்க. நடுகைக் காலத்தில் ஒரு பொது மண்டபத்திற் பிள்ளைகளைப் பார்க்க இரு பெண்களை அமர்த்தலாம். வயலில் நண்பகற் கஞ்சியோடு பயறுஞ் சேர்க்கலாம். கூலிக்கு வந்தோரின் பிள்ளைகளுக்கும் அதில் பங்களிக்கலாம். கமக்காரர் அமைப்பு அறுவடையில் ஒரு பங்கு நெல்லையும் பயற்றையும் சேமித்து வெறுமாதங்களிற் கடனாகக் கொடுக்கலாம். இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை, ஒற்றுமையே வேண்டும்.

முடிவுரை

ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகம் உண்டு. பிள்ளையின் முதல் ஆயிரம் நாட்களுக்கு மறுபோகம் இல்லை. ஆயினும் இரண்டு வயது கடந்த பிள்ளையைக் கைவிடல் வேண்டா. அதற்கும் நல்லுணவு நன்மையே செய்யும். அதன் தம்பிக்கும் தங்கைக்கும் இன்றே தொடங்குக.

அடுத்த அறுவடையில் மூட்டைகளைத் தைக்குமுன், பிள்ளைகளின் பெயரால் ஒரு மூட்டையை வேறாக எடுத்து வையுங்கள். விதைப்பயறு, முருங்கைத் தடி, வீட்டுத்தோட்டம் பற்றிய ஆலோசனை ஆகியவற்றுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக. பிள்ளையின் நிறை பற்றிய ஐயங்களுக்கு மருத்துவமாதை நாடுக.